முன்னால் நிற்பவன்

ஜூன் 12

தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என்ன எழுதுவது என்று கேட்டேன். "எது வேணும்னாலும் எழுதுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதினாக்கூடப் போதும்" என்றார். காலையில் மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. சட்னியில் உப்பு தூக்கல். அரைத்தது நான்தான், ஆகவே யாரையும் திட்ட வழியில்லை.

பெயர் கதிரேசன். வயது முப்பத்தொன்பது. மதுரையில் லோகோ பைலட். சொந்தக்காரர்களுக்கு ரயில் டிரைவர். பதினான்கு வருட சர்வீஸ். இப்போது மருத்துவ விடுப்பு. இருபத்தைந்தாம் தேதி ரயில்வே ஆஸ்பத்திரியில் என்னைப் பரிசோதிப்பார்கள். தேறினால் மறுபடி எஞ்ஜின். தேறாவிட்டால் ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் தருவார்கள். மேசை வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எனக்கு வேண்டாம். எஞ்ஜின் வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் இப்போது பதில் தெரியவில்லை. விடுப்புக்குக் காரணம் தூக்கமின்மை என்று சீட்டில் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

என் மனைவி மரகதம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். அவள் கிளம்பிப் போனதும் வீடு திடீரென்று பெரிதாகிவிடுகிறது. பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, அதன் பிறகும் மணி பத்தரைதான். பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து உயிர் கொடுத்தேன். மின்னஞ்சலில் 'ட்ரேமார்' கூப்பிட்டிருந்தது. தீவு தீவாகப் போய் அரக்கர்களை அடிக்கும் இணைய விளையாட்டு. ஐந்து பேர் ஐந்து ஊரில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசிப் பேசியே ஒன்றாகச் சண்டை போடுவோம். பயணிகள் வண்டிக்கு மாற்றியதும் நேரமில்லாமல் விட்டுவிட்டேன். ஆறு வருடம் ஆயிற்று.

'நீங்கள் இல்லாமல் எங்கள் தீவுகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன' என்று எழுதியிருந்தார்கள். லட்சம் பேருக்கு இதையே அனுப்பியிருப்பார்கள். தெரிந்தும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு சலுகை: பதினான்கு நாள் எந்த வேடத்தை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். கெடு இருபத்தாறாம் தேதி. அன்று எது மேலே இருக்கிறதோ அதுதான் கடைசிவரை.

ஜூன் 13

கடவுச்சொல் கைவிரல்களுக்கு நினைவிருந்தது. எனக்கில்லை.

எங்கள் பழைய குழு அப்படியே இருக்கிறது. பெயர் 'உண்ட மயக்கம்'. தலைவி நசீமா அக்கா, கரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மதியம் இரண்டு மணிக்குக் கடையை மூடினால் நாலரைக்குத்தான் திறப்பார். அந்த இடைவெளியில்தான் அரக்கர்களுக்குச் சனி பிடிக்கும். திருப்பூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வருகிறவர்கள்.

"யாரு, கதிரா? உசுரோடதான் இருக்கியா? நான் உனக்குப் பாத்திஹா ஓதி ரெண்டு வருசம் ஆச்சு!" என்றார் அக்கா.

"இருக்கேன்கா."

"பழைய கேடயம்தானே? வா, வா. ஆறு வருசமா கண்டவனக் கேடயம்னு நிறுத்தி அடி வாங்கிட்டிருக்கேன்."

கேடயக்காரன்தான் என் பழைய வேடம். குழுவுக்கு முன்னால் நிற்பவன். அரக்கன் முதலில் அவனைத்தான் அடிப்பான். அவன் நகர்ந்தால் மற்ற நாலு பேரும் நகர்வார்கள், நின்றால் நிற்பார்கள். எங்கே போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் எல்லாம் அவன் பொறுப்பு.

"இல்லக்கா. இந்தத் தடவ வேற எதையாவது பாக்கலாம்னு."

"ஏன்?"

"முன்னாடி நின்னு நின்னு அலுத்துப்போச்சு."

 "சரி, பதினாலு நாள் இருக்குல்ல. துணிக்கடைக்கு வந்தவனாட்டம் எல்லாத்தையும் உடுத்திப் பாரு" என்றார்.

ஜூன் 14

தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். இரண்டு பத்துக்குப் போகும் வண்டியின் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்த நேரம் மிக்ஸியை ஓட விட்டேன். அதில் அரைக்க ஒன்றும் இல்லை.

ஜூன் 15

பிரிசில்லா ஏழு முறை கூப்பிட்டிருந்தார். எடுக்கவில்லை.

பிரிசில்லா என் துணை லோகோ பைலட். திண்டுக்கல்காரர், இருபத்தொன்பது வயது. எஞ்ஜினில் இடதுபக்க இருக்கை அவருடையது. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் கையை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும், ஸ்டேஷனுக்குள் நுழையுமுன் 'ஹோம் பச்சை', கிளம்பும்போது 'ஸ்டார்ட்டர் பச்சை' என்று. அடுத்தவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பார்த்ததாகக் கணக்கு. ஒரு நாளைக்கு நூறு முறையாவது இப்படிக் கத்துவோம். இரண்டு வருடமாக அவரும் நானும் அதிகம் பேசிக்கொண்டது இதுதான். மீதி நேரத்தில் நான் இந்த விளையாட்டைப் பற்றி அளந்திருக்கிறேன், அவர் தன் தம்பியின் கல்யாணத் தகராறுகளைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு, விதி இல்லை, வழக்கம். யாராவது ஒரு டிரைவரின் வண்டியில் ஆள் அடிபட்டுவிட்டால் அதைப் பற்றி லாபியில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். லாபி என்றால் வண்டி ஏறுமுன் நாங்கள் வந்து கையெழுத்துப் போடும் இடம். யார், என்ன, எந்த ஊர் என்று எதையும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. டீ வாங்கிக் கொடுப்பார்கள், தோளில் கை வைப்பார்கள், அவ்வளவுதான். அவராக வாயைத் திறக்கும்வரை எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். நானும் பலருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். நல்ல வழக்கம்.

அந்த வழக்கத்தைப் பிரிசில்லா மீறப் பார்க்கிறார். எட்டாவதாக ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. கேட்காமல் அழித்தேன். எண்ணையும் தடுத்துவிட்டேன். ஜூன் 3 அன்று அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். அவர் பார்த்ததை நான் கேட்க வேண்டியதில்லை.

மதியம் அவரைக்காய்ப் பொரியல்.

ஜூன் 16

வில்லாளி வேடம். பிரமாதம். எல்லோருக்கும் பின்னால், ஒரு மேட்டில் நிற்கலாம். அம்பு விட்டால் போதும். அடிபடுகிறவன் தூரத்தில் இருக்கிறான், முகம் தெரிவதில்லை. திருப்பூர் அண்ணன், "கதிரண்ணே, சூப்பருண்ணே" என்றான். இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 18

வில்லாளி வேண்டாம்.

கல்பாலத்துச் சண்டை. நீண்ட நேரான பாலம். அந்தக் கோடியில் கொம்பரக்கன் நிற்பான். அவன் ஓடி வரப்போகும் பாதையில் மூன்று விநாடி ஒரு சிவப்புக் கோடு தெரியும். மேட்டில் நிற்கும் வில்லாளிதான் அதைப் பார்த்து, கோட்டில் நிற்பவரை விலகச் சொல்லிக் கத்த வேண்டும். எனக்கு வேறு வேலையே இல்லை.

கோடு வந்தது. அதன்மேல் நசீமா அக்கா திரும்பி நின்றுகொண்டிருந்தார். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். வாய் வரவில்லை. அரக்கன் மோதி அக்கா போனார். வைத்தியம் பார்க்கிறவர் அவர்தான் என்பதால் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

"கதிரு, தூங்கிட்டியா?" என்று அக்கா கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

சட்டை நனைந்திருந்தது. மின்விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 19

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 20

மூலிகை பறிப்பவர் என்று ஒரு வேடம் இருக்கிறது. சண்டையே கிடையாது. காட்டில் அலைந்து இலை பறித்துக் கூடையில் போட வேண்டும். யாரும் சாக மாட்டார்கள். மூன்று மணி நேரம் நூற்றுப்பன்னிரண்டு இலை பறித்தேன். நிம்மதியான தொழில்.

இன்று ஞாயிறு, மரகதம் வீட்டில் இருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீரை பறிக்கவா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கீங்க? கொல்லையில முருங்கக் கெள ஒடிஞ்சு தொங்குது. அதப் பறிங்க, கொழம்புக்காவது ஆகும்."

பறித்தேன். குழம்பு ஆயிற்று. சாப்பிடும்போது, "டாக்டர் எழுதச் சொன்னத எழுதுறீங்களா?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். "கீரையப் பத்தியா?" என்றாள். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருக்க ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழகியிருக்கிறாள்.

ஜூன் 21

சரி, எழுதிவிடுகிறேன்.

ஜூன் 3, காலை பதினொன்று இருபது. வாடிப்பட்டி தாண்டி நேரான பாதை. வேகம் தொண்ணூற்றெட்டு. தூரத்தில் தண்டவாளத்துக்கு நடுவே ஓர் ஆள் குனிந்து நின்றார். நீலக்கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் ஓர் ஆடு. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபது பெட்டி வண்டி, அவசர பிரேக் பிடித்தாலும் நிற்கக் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. மிதித்ததும் நின்றுவிடும் என்று நினைப்பார்கள்.

ஹாரன் அடித்தேன். பிரேக் போட்டேன். அவர் நகரவில்லை. எவ்வளவு நேரம் தெரியுமா? நாற்பது விநாடிக்கு மேல். நாற்பது விநாடி ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டே அவரை நோக்கிப் போனேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது.

பிரிசில்லா இறங்கிப் பின்னால் ஓடினார். பாதையில் வேலை செய்துகொண்டிருந்த கேங்மேன்கள் வந்துவிட்டார்கள். கார்டும் போனார். நான் இருக்கையை விட்டு எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிரிசில்லா திரும்பி வந்தார். கையெல்லாம் ரத்தம். "அவங்க பாத்துக்குவாங்க. கெளம்பலாம் சார்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மதுரைவரை இரண்டு பேரும் சிக்னல் தவிர வேறு பேசவில்லை.

என்னை அரிப்பது வேறு. நான் முதலில் ஹாரன் அடித்தேன். அதற்குப் பிறகுதான் பிரேக். அப்படித்தான் எனக்கு நினைவு. நகர்ந்துவிடுவார் என்று ஒரு விநாடி, இரண்டு விநாடி காத்திருந்தேன். தொண்ணூற்றெட்டில் இரண்டு விநாடி என்றால் ஐம்பத்துநாலு மீட்டர். அந்த ஐம்பத்துநாலு மீட்டர் இருந்திருந்தால் அவர் இன்று இருப்பார். இதைத்தான் பிரிசில்லா பார்த்தார். இதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்.

பதினெட்டு நாளாகச் சுமந்ததை எழுத அரைமணி நேரம்தான் ஆயிற்று. டாக்டர் சொன்னபடி லேசாக ஒன்றும் ஆகவில்லை. பசிக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 22

மரகதம் பள்ளிக்குப் போகும்முன் மேசையில் கிடந்த இந்த நோட்டைப் பார்த்தாள். திறக்கவில்லை. மேலே பேப்பர்வெயிட்டை வைத்துவிட்டுப் போனாள்.

குழுவில் புதிதாக ஓர் ஆள். பெயர் 'மஞ்சப்பை'. வைத்தியர் வேடம். நாலே நாளில் பத்தாம் படிக்கு வந்திருக்கிறாராம், தூங்கவே மாட்டார்போல. மைக் இல்லை என்று எழுத்தில் சொன்னார். விளையாட்டு சுத்தமாகத் தெரியவில்லை. சுவரில் முட்டுகிறார். அடிபடாதவர்களுக்கெல்லாம் மருந்து போடுகிறார். நான் காட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் வந்து எனக்கு மருந்து போட்டார். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுதினேன். 'பரவாயில்லை' என்று பதில் வந்தது. மறுபடி மருந்து.

"யாருக்கா இது?" என்று நசீமா அக்காவிடம் கேட்டேன்.

"நம்ம கடைக்கு வந்த கஸ்டமரு. உனக்கென்ன, இலவசமா மருந்து கெடைக்குதுல்ல, வாங்கிக்க."

ஜூன் 23

 நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

இரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டார். கேடயமாக நிற்கும் பையன் கல்யாணத்துக்குப் போய்விட்டானாம். "இன்னிக்கு ஒருநாள் நில்லு. கெடு முடிய இன்னும் மூணு நாள் இருக்குல்ல? உடுத்திப் பாத்துட்டுக் கழட்டிரு." எவ்வளவோ மறுத்தேன். "அன்னிக்கு எங்களச் சாகடிச்சுட்டு ஓடினியே, அதுக்கு வட்டி" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல? பழைய கேடயத்தை எடுத்து மாட்டினேன். அதே கல்பாலம். முன்னால் நான், பின்னால் அக்கா, திருப்பூர்க்காரர்கள், கடைசியில் மஞ்சப்பை.

பாதிப் பாலம்வரை நன்றாகத்தான் போனேன். கொம்பரக்கன் அந்தக் கோடியில் தலையைக் குனிந்தான். கேடயக்காரன் அவனை நோக்கி நேரே ஓடி நடுப்பாலத்தில் மறிக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் நிற்பவர்கள் காலி. நேரான பாதை, தூரத்தில் குனிந்து நிற்கும் ஓர் உருவம். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. "கதிரு, போ! போடா!" என்று அக்கா கத்துவது கேட்கிறது. முடியவில்லை.

அப்போது காதில் ஒரு குரல்.

"ஸ்டார்ட்டர் பச்சை!"

யோசிக்கவே இல்லை. "ஸ்டார்ட்டர் பச்சை" என்று என் வாய் திருப்பிச் சொன்னது. கை தானாக நீண்டு மேசையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டது. விரல் அழுத்தியது. கேடயக்காரன் ஓடினான்.

"அட்வான்ஸ் ஸ்டார்ட்டர் பச்சை!"

"அட்வான்ஸ் ஸ்டார்ட்டர் பச்சை!"

நடுப்பாலத்தில் மறித்தேன். அரக்கன் கேடயத்தில் மோதி நின்றான். மற்றவர்கள் அடித்துத் தள்ளினார்கள். திருப்பூர் அண்ணன் தம்பி, "என்னண்ணே இது மந்திரம்!" என்று கூச்சலிட்டார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பிரிசில்லா?"

"சார், போயிராதீங்க. அணைச்சுராதீங்க. ஒரே நிமிசம்." மூச்சு விடாமல் பேசினார். "போன் போட்டா எடுக்க மாட்டேங்குறீங்க. வீட்டு அட்ரஸ் கேட்டா லாபியில ஒருத்தரும் தர மாட்டேங்குறாங்க. அவரத் தொந்தரவு பண்ணாதம்மா, அதப் பத்திப் பேசக்கூடாதுன்னு எனக்கே பாடம் எடுக்குறாங்க. நீங்க இந்த வெளாட்டப் பத்தி அளந்தது ஞாபகம் வந்துச்சு. அக்காவத் தேடிப் பிடிச்சு, இந்த எழவ நாலு நாளாக் கத்துக்கிட்டு..."

"மேட்டருக்கு வாம்மா" என்றார் நசீமா அக்கா.

"அவரு இருக்காரு சார்."

"யாரு?"

"ஆட்டுக்காரரு. உசுரோட இருக்காரு. பெரியாஸ்பத்திரியில. பத்து நாளு நெனவில்லாம கெடந்தாரு, நானும் பொழைக்க மாட்டாருன்னுதான் நெனச்சேன், அதான் உங்ககிட்ட வாயத் தொறக்கல. பதினாலாந்தேதி கண்ண முழிச்சுட்டாராம். கேங்மேன் போன் பண்ணாரு. கால் எலும்பு ஒடைஞ்சிருக்கு, வெலா மூணு. அவ்வளவுதான். இட்லி சாப்புடுறாரு சார்."

  எனக்கு வந்தது ஒரே கேள்வி.

"நான் ஹாரன் அடிச்சுட்டுத்தான பிரேக் போட்டேன்?"

"இல்ல சார். யாரு சொன்னா? நான் ஆளப் பாத்து வாயத் தொறக்குறதுக்குள்ள பிரேக் கைப்பிடி கடைசிக்குப் போயிருச்சு. எனக்கு ஒடம்பு முன்னாடி தள்ளுனதும்தான் ஹாரன் சத்தமே கேட்டுச்சு. நெத்தி கண்ணாடியில இடிச்சுக்கிட்டேன், வீங்கியிருந்துச்சே, பாக்கலியா? எஞ்ஜின் பதிவையும் எடுத்துப் பாத்துட்டாங்க. வேகம் தொண்ணூத்தெட்டுல இருந்து முப்பத்தொண்ணுக்கு எறங்கியிருக்கு. முப்பத்தொண்ணுல தட்டுனதாலதான் அவரு இருக்காரு. லாபியில எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

அத்தனை பேர் வந்துபோகும் லாபியில் அத்தனை பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்திருக்கிறார்கள். நல்ல வழக்கம் என்று நானே இதில் எழுதி வைத்திருக்கிறேன்.

 நசீமா அக்கா, "டேய் கதிரு, அழுவுறியா சிரிக்கிறியா? ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டுச் செய்யி, பயமா இருக்கு" என்றார்.

இரண்டும்தான்.

ஜூன் 24

நேற்று மாலை மரகதம் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். முடிந்ததும் கைப்பையால் என் தோளில் ஒரு போடு போட்டாள்.

"ஒரு போன எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கு ஒன்பது நாளா வெறும் மிக்ஸிய ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"நீ பள்ளிக்கூடத்துல இருந்தல்ல, உனக்கெப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டு அக்கா கேக்குறாங்க, தெனம் ரெண்டு பத்துக்கு உங்க வீட்டுல என்ன மசாலா அரைக்கிறீங்கன்னு." சொல்லிவிட்டு அழுதாள். இருபது நாளும் சேர்த்து வைத்திருந்தாள்போல. நான் காபி போட்டேன்.

இன்று மதியம் கேடயக்காரனை உறுதி செய்துவிட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் மீதியிருந்தது, காத்திருக்கத் தோன்றவில்லை. 'இந்தத் தேர்வை மாற்ற முடியாது. சம்மதமா?' என்று கேட்டது. சம்மதம். இத்தனை நாள் முன்னால் நிற்பவன்தான் அடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தக் கூடியவனும் அவன் ஒருவன்தான். மேட்டில் நின்றால் பார்க்க மட்டும்தான் முடியும், அதை அனுபவித்துப் பார்த்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

நசீமா அக்கா குழுவில் பாயசம் படம் போட்டார். மஞ்சப்பை எனக்கு மருந்து போட்டார்.

ஜூன் 25

பரிசோதனை. கண், காது, ரத்த அழுத்தம். பிறகு டாக்டர், "எழுதினீங்களா?" என்றார். எழுதினேன் என்றேன். "தூக்கம்?" நேற்று பத்து மணி நேரம் தூங்கினேன், மரகதம் மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பணிக்குத் தகுதி.

அந்தத் தாளை லாபியில் கொடுத்தால் போதும், வண்டி தருவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து லாபிக்கு ஐந்து நிமிட நடை. வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன். பதிவு சொல்லியாயிற்று, பிரிசில்லா சொல்லியாயிற்று, டாக்டரும் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய ஒருவர் இன்னும் சொல்லவில்லை. அந்த ஆட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் எஞ்ஜின் இருக்கையில் உட்கார என்னால் முடியாது. அவர் காறித் துப்பினாலும் சரி.

நாளை பிரிசில்லாவுக்கு ஓய்வு நாள். கூட வருகிறேன் என்றார்.

ஜூன் 26

பெரியாஸ்பத்திரி வாசலில் ஆப்பிள் வாங்கினேன். பிறகு விலா எலும்பு உடைந்தவர் ஆப்பிளைக் கடிப்பாரா என்று சந்தேகம் வந்து வாழைப்பழமும் வாங்கினேன். பிரிசில்லா இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டார். நெற்றியில் இன்னும் லேசாகத் தழும்பு இருந்தது. அந்த ஜூன் 3-க்குப் பிறகு இன்றுதான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

மாடியில் நீளமான வார்டு. கடைசிக்கு முந்தின கட்டில். பெயர் ஒச்சு, ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். காலில் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மனைவி தரையில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த நீலக்கட்டச் சட்டை இல்லை, ஆஸ்பத்திரி உடுப்பு. இல்லையென்றால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அன்று அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"ரயில்வேல இருந்து வர்றோம்யா" என்றார் பிரிசில்லா.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "வாங்க! உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்! எவன்யா அந்த வண்டிய ஓட்டுனவன்? ஹாரன அடிச்சு அடிச்சு என் காதச் செவிடாக்கிட்டான். மனுசன் அங்க ஆட்டுக் கயிறு தண்டவாளத்துல சிக்கிக்கிச்சேன்னு லோல்பட்டுக்கிட்டு இருக்கேன். அம்புட்டுத் தூரத்துல இருந்து கத்திக்கிட்டே வர்றான். ஒரு ஆளு கயிறு அவுத்துக்கிட்டு இருக்கான்னு தெரிய வேணாம்? பாத்தா வண்டி மெதுவாத்தேன் வருது. சரி, நின்னுரும்னு நெனச்சு நானும் அவுக்குறேன்..."

"பேசாம கெட" என்றார் மனைவி. "அவுக என்ன செய்வாக? ஆட்ட விட்டுப்புட்டு ஓடிவரத் துப்பில்ல, பேச்சப் பாரு."

"ஆடு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"அதுக்கென்ன! கயித்த அத்துக்கிட்டு எனக்கு முன்னாடி ஓடிருச்சு. ஒரு கீறல் கெடையாது. ரெண்டு குட்டி போட்டிருக்குன்னு இவ சொல்றா. நாந்தேன் இங்க கெடக்கேன்."

அவர் திட்டத் திட்ட எனக்கு நெஞ்சு நிறைந்துகொண்டே போயிற்று. இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று இருந்தது. செத்துப்போனவர் என்று இருபது நாள் நான் சுமந்த மனிதர், கஞ்சியில் உப்பில்லை என்று நடுவில் மனைவியை அதட்டிவிட்டு மறுபடி என் ஹாரனைத் திட்டினார். முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நான்தாங்க ஓட்டினேன்" என்றேன்.

 அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார். பிரிசில்லா பழப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒச்சு என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது, நான் மறைக்கவில்லை.

"நீயா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. கட்டில் விளிம்பைத் தட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். என் ஆடும் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். சூடாக இருந்தது, மூச்சு ஏறி இறங்கியது.

"ரொம்பப் பயந்துட்டியாப்பா?"

"ஆமாங்க" என்றேன். "ரொம்பப் பயந்துட்டேன்."

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவருக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் லாபிக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். நாளைக் காலை ஐந்து நாற்பதுக்கு வண்டி.